சாப்டீங்களா என்று கேட்டதால்

சிறை வார்டர் பயிற்சி முடிந்து திரும்பியதும் நான் கைதிகளிடம் 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தேன். அதில் முதலில் சந்தேகப்பட்டவர் எங்கள் ஏட்டு.

"என்னப்பா, ஒன் சொந்தக்காரன் எவனாச்சும் உள்ள வந்துருக்கானா?"

"இல்லைங்கய்யா. பயிற்சியில சொன்னாங்க, யாரையும் வாடா போடான்னு கூப்பிடக் கூடாதுன்னு."

"சொல்லுவாங்க. சொன்னவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்க. இவனுவள உள்ள வச்சுப் பூட்டுறது நீயும் நானும்."

சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரிடமோ எதையோ வாங்கிவிட்டுத்தான் நான் இப்படிக் குழைகிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நான் அதற்குக் கோபப்படவில்லை. அவரைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிளைச் சிறை சின்னது. தாலுகா கச்சேரிக்குப் பின்னால் பழைய ஓட்டுக் கட்டடம். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் கம்பிக் கதவு போட்ட அறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலை. காலையில் நெல் அவியும் வாசனை எல்லா அறைக்குள்ளும் வந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் ஜாமீனுக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். மணல் வண்டி, அடிதடி, சாராயம், பைக் திருட்டு. குடவாசல் பக்கத்திலிருந்தும் மன்னார்குடி பக்கத்திலிருந்தும் வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் என் அப்பாவோடு ஒரே வரப்பில் நின்று அறுத்தவர்களாகக்கூட இருக்கலாம்.

அப்பா கூலிக்கு அறுக்கப் போகிறவர். அம்மா நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் போவார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சில் வந்தது எதுவானாலும் அப்படியே செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அப்பாவுக்கு நேர்மாறான புத்தி. "காக்கி போட்டவன் சிரிச்சான்னா மடியத் தொட்டுப் பாத்துக்கணும்" என்பார். நான் காக்கி போட்டுக்கொண்டு முதல்முதலாக வீட்டுக்குப் போய் நின்றபோது சந்தோஷமாகத்தான் பார்த்தார். ஆனால் நான் சிரித்ததும் அவர் கை ஒரு நொடி வேட்டி மடிப்பின் பக்கம் போய் வந்தது.

பயிற்சியில் ஒரு அதிகாரி சொன்ன விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கைதியிடமும் ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாவது கேளுங்கள். அது வழக்கைப் பற்றியதாக இருக்கக் கூடாது, மனுஷனுக்கு மனுஷன் கேட்பதாக இருக்க வேண்டும் என்றார். என்ன கேட்பது என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் மனுஷனுக்கு மனுஷன் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சாப்டீங்களா?

அப்போது எங்களிடம் ஒரு விவசாயி இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். கடைமடையில் குத்தகை நிலம். ஆற்றில் தண்ணீர் விட்டாலும் அவர்கள் வாய்க்காலுக்கு அது வந்து சேர்வதற்குள் பாதி சம்பா போய்விடும். அதனால் அவரும் அவருடைய சித்தப்பா மகனும் கூட்டாக ஒரு போர் மோட்டாரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்த ஒரு காலையில், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்று பேச்சு வளர்ந்து, மண்வெட்டிக் காம்பால் தம்பியின் தலையில் அடித்துவிட்டார். தம்பி தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

வழக்கு கொலை முயற்சி. தம்பி பிழைத்தால் அது அப்படியே நிற்கும், என்றைக்காவது ஜாமீன் கிடைக்கும். தம்பி போய்விட்டால் கொலை. ஆனால் அந்த ஆளுக்குச் சட்டப் பிரிவு பற்றியெல்லாம் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பிய அன்றுகூட, வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "தம்பியப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றார். அவ்வளவுதான்.

அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. சிறையில் பார்வையாளர் சந்திப்பை 'மனு' என்போம். மற்றவர்களுக்கு மனு வந்திருக்கிறது என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் தலையை உயர்த்துவார், பிறகு குனிந்துகொள்வார். அவருடைய மனைவி பிள்ளைகளோடு சீர்காழி பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். மற்ற உறவுக்காரர்கள் எல்லோரும் அடிபட்டவருக்கும் உறவுக்காரர்கள். ஒரே குடும்பத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் இருந்தால், ஜெயிலுக்கு யார் வருவார்கள்?

அவரோடு பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் ஏட்டு. தினமும் காலையில் குளிக்க விடும் நேரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் ஏட்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்வார். அவர் தலையாட்டுவார். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். ஏட்டின் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான். அடித்த பக்கம் ஒரு கை, அடிபட்ட பக்கம் ஒரு கை என்று ஏட்டு இரண்டு பக்கமும் காசு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசுகிற காக்கி வேறு எதைப் பேசும்?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவர்கிட்ட தினம் என்னய்யா பேசுறீங்க?"

"நெல்லு வெல பேசுறோம். போய் வேலையப் பாரு."

நான் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த அன்று காலை உணவு பொங்கல். வரிசையாகத் தட்டை வாங்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பைக் திருட்டு வழக்கில் அடிக்கடி வந்துபோகும் ஒருவன் இருந்தான். எங்கள் சிறையைத் தன் சின்ன வீடு என்பான். அவன், "சாப்டுக்கிட்டேதான் சார் இருக்கேன். கண்ணுக்கு முன்னாடி தெரியலையா?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

விவசாயி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் பொங்கல் குறைவாக இருந்ததுபோல் பட்டது.

"சாப்டீங்களாண்ணே?" என்றேன். பிறகு பரிமாறிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணனுக்கு இன்னொரு கரண்டி வைங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. கையில் இருந்ததைத் தட்டிலேயே உதறினார். தட்டைத் தரையில் வைத்து, சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுந்து போய்க் கை கழுவினார்.

மதியம் சாம்பார் சாதம் வந்தது. முட்டை நாள் வேறு. அந்த முட்டையைப் பார்த்ததும் அவர் இன்னும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தொடவில்லை. சாயங்காலமும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார்.

சிறையில் ஒருவர் சாப்பிடாமல் இருப்பது வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் இருப்பதுபோல் இல்லை. அதற்கு உண்ணாவிரதம் என்று பெயர் வந்துவிடும். மேலே தகவல் கொடுக்க வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஏன் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். மறுநாள் காலையும் அவர் தட்டைத் தள்ளியதும் எங்கள் சூப்பிரண்டு அவரை அலுவலக அறைக்கு வரவழைத்தார்.

"என்னய்யா கோரிக்கை?"

"கோரிக்கைன்னு ஒண்ணும் இல்லீங்க."

"யாராவது அடிச்சாங்களா? திட்டினாங்களா? பயப்படாம சொல்லு."

"இல்லீங்க. நல்லாத்தான் நடத்துறாங்க. ரொம்ப நல்லா நடத்துறாங்க."

அந்த 'ரொம்ப'வைச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்த்தார். சூப்பிரண்டும் என் பக்கம் பார்த்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை நிற்க வைத்தார்.

"நீ என்னப்பா பண்ணின?"

"சாப்டீங்களான்னு கேட்டேன் சார்."

"அப்புறம்?"

"இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன்."

"அதுக்காக ஒருத்தன் சோத்த நிறுத்துவானா? நான் என்ன கேணையனா?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாரு, நீ இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்க. இன்னைக்கும் அவன் சாப்பிடலைன்னா நான் மேல எழுதணும். எழுதுனா, எந்த ட்யூட்டியில ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க. நீ ஏதாவது சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடு."

என் அப்பா காக்கியைப் பார்க்கும் அதே பார்வை. வெளியே வந்ததும் நேராக ஏட்டிடம் போனேன்.

"நீங்க அவர்கிட்ட என்னய்யா சொன்னீங்க?"

"நான் என்னத்த சொன்னேன்? நேத்து நீ போயி கொஞ்சிட்டு வந்தப்புறம்தான் நிறுத்திட்டான். நீ சொல்லு, என்ன சொன்ன? எவன் சொல்லச் சொன்னான்?"

"எவனும் சொல்லலை."

"சும்மாவா இந்தக் காலத்துல ஒருத்தன் அண்ணேங்கிறான்?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். கம்பிக்குப் பின்னாலிருந்து பைக் வழக்குக்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"சார், சண்ட போடாதீங்க. நான் எத்தன தடவ உள்ள வந்து போயிருக்கேன்? ஒரு வார்டர் திடீர்னு 'ங்க' போட்டா ஒண்ணு ஆளுக்கு ஜாமீன் கெடச்சிருக்கணும், இல்ல வீட்டுல எழவு விழுந்திருக்கணும். அந்தண்ணனுக்கு ஜாமீன் கெடைக்கலைன்னு அந்தண்ணனுக்கே தெரியும்."

"வாய மூடுடா" என்றார் ஏட்டு. ஆனால் அவர் குரலில் வழக்கமான சுருதி இல்லை.

நான் தொட்டிப் பக்கம் போனேன். விவசாயி தொட்டியை ஒட்டி நின்ற வாதாமரத்து நிழலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் கால்களை மடக்கிக்கொண்டார். கடைசியில் அவரே கேட்டார்.

"எப்ப சார் சொல்லப் போறீங்க?"

"என்னத்த?"

"தம்பி போயிட்டான்ல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம் சார். எங்கப்பா செத்தன்னைக்கு நான் அறுப்புல நின்னேன். பங்காளி ஒருத்தன் வந்து, 'வா, டீ குடிக்கலாம்'னான். எனக்கு அன்னிவரைக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்காத ஆளு. கடையில புரோட்டா வாங்கிக் கொடுத்தான். தின்னு தின்னுன்னு வைக்கிறான். நான் தின்னு முடிச்சுக் கைய கழுவுனப்புறம் சொல்றான், 'அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வா போவலாம்'னு. நீங்க நேத்து வந்து அண்ணேன்னீங்க. சாப்டீங்களான்னீங்க. இன்னொரு கரண்டி வைங்கன்னீங்க."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த எவனுக்கும் புரியும். சாவு விழுந்த வீட்டில் பிணம் போகும்வரை அடுப்பு எரியாது. விஷயம் தெரிந்துவிட்டால் தொண்டையில் சோறும் இறங்காது. அதனால் சொல்லப் போகிறவர்கள் முதலில் சாப்பிட வைப்பார்கள். பெரியம்மா இறந்த அன்று மன்னார்குடியில் கல்லூரி விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே தட்டோடு நின்றார். அழுத கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, "சாப்புடு, சாப்புடு" என்றார். மூன்றாவது உருண்டையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் அம்மா சொல்லட்டும் என்று தட்டைக் காலி செய்தேன்.

"நான் சாப்புடாத வரைக்கும் நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார் அவர். "நீங்க சொல்லாத வரைக்கும் அவன் இருக்கான்."

"அண்ணே, சத்தியமா அவரு உயிரோடதான் இருக்காரு. பயிற்சியில எல்லாருகிட்டயும் மரியாதையா பேசச் சொன்னாங்க. அதான் கேட்டேன்."

"சரி சார்" என்றார். ஒரு எழுத்தைக்கூட நம்பாத 'சரி'.

"ஏட்டய்யா தினம் உங்ககிட்ட பேசுறாரே, அவர் என்ன சொல்றாரு?"

அவர் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்தார். "தம்பி கைய அசைச்சானாம். மறுநாளு கண்ண முழிச்சானாம். அதுக்கு மறுநாளு கஞ்சி குடிச்சானாம். முந்தாநாளு நாலு இட்லி தின்னானாம். இன்னும் ரெண்டு நாளு போனா நடவுக்கு வந்துட்டான்னுவாரு. நல்ல மனுசன். ஆனா பொய் சொல்லத் தெரியல."

நான் திரும்பிப் போய் ஏட்டிடம் இதைச் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரி சேதி யாருய்யா சொன்னா?" என்றேன்.

"எவனும் சொல்லல. அவன் தூங்காம கெடந்தான். கம்பியில கயித்தக் கட்டித் தொங்கிட்டான்னா யாரு பதில் சொல்றது? அதான், நானா சொன்னேன்."

அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். வெறுமனே ஒருவர் தினமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொய் சொல்வாரா? சொல்வாராக இருக்கலாம். என்னைப் பற்றி அவருக்கும் அதே பாதி சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும்.

ட்யூட்டி முடிந்ததும் தெருமுனைக்கு வந்து என்னோடு கல்லூரியில் படித்த ஒருவனுக்கு போன் செய்தேன். அவன் அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பக்கம் வேலை பார்க்கிறான். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பி அழைத்தான்.

"ஆளு இருக்காருடா. தலையில ஆபரேஷன் ஆயிருக்கு. ரத்தக் கட்டு எடுத்திருக்காங்க. கண்ணு முழிச்சாருன்னு சொல்றாங்க."

"சொல்றாங்கன்னா? நீ பாத்தியா?"

"உள்ள விட மாட்டாங்கடா. நர்ஸ்கிட்டதான் கேட்டேன். ஏன், நான் சொன்னா நம்ப மாட்டியா?"

நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு மறுபடி சிறைக்குள் போய் விவசாயியிடம் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். ஆபரேஷன் என்பதையும் மறைக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"இல்ல."

"பாத்தவங்களப் பாத்தீங்களா?"

"போன்ல பேசினேன்."

"போன்ல" என்று அவரும் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அரிசி ஆலை இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். அவர் வயிறு இரைவது எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் எதுவும் இறங்கவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார். சூப்பிரண்டு மேலே எழுத உட்கார்ந்தார். நான் வாசல் காவலில் நின்றேன். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு வயர் கூடை. முகம் தூங்காத முகம்.

விவசாயியின் பெயரைச் சொல்லி, "மனு பாக்கணும்" என்றார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்."

"வீட்டுக்காரரு வரலையா?"

"அவரு எப்படி வருவாரு? அவரத்தான இவரு அடிச்சு ஆஸ்பத்திரியில போட்டுருக்காரு."

ஏட்டு உள்ளேயிருந்து ஓடி வந்தார். என்னை ஓரமாக இழுத்து, "உள்ள விடாத. கூடையில என்ன வச்சிருக்காளோ. புருசன அடிச்சவன சும்மா பாக்க வருவாளா எவளாச்சும்?" என்றார். எனக்கும் அதே பயம்தான். கூடையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் பாட்டில், ஆதார் நகல், சீப்பு, ஆஸ்பத்திரி மாத்திரைச் சீட்டு, பழைய துண்டு. ஏட்டு பாட்டிலைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? வெசமா?" என்றார் அந்தப் பெண். "அதுக்கு வேற செலவு பண்ணுவாங்களாக்கும்! மோட்டார் கொட்டாய் சாவி இந்த ஆளு இடுப்புல மாட்டிக்கிட்டே வந்துட்டாரு. நாத்து செத்துக்கிட்டு இருக்கு. சாவிய வாங்கிக்கிட்டு நான் தஞ்சாவூரு பஸ்ஸப் புடிக்கணும்."

"பூட்ட உடைச்சுக்க வேண்டியதுதான?" என்றார் ஏட்டு, சந்தேகம் தீராமல்.

"ஒடைக்கலாம். நாளைக்கு அவரு வெளிய வந்து, என் பூட்ட ஒடைச்சு மோட்டார எடுத்துக்கிட்டான்னு எங்க மேல ஒரு கேஸு போடுவாரு. எதுக்கு வம்பு? அவரு வாயால எடுத்துக்கன்னு சொல்லட்டும். நீங்களும் சாட்சிக்கு நில்லுங்க."

சாவி எங்களிடம்தான் இருந்தது. உள்ளே வந்த அன்று அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து கழற்றி, சட்டை, செருப்போடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தோம். கொடுப்பதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். சூப்பிரண்டு யோசித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் எங்கள் இருவரையும் நிற்கச் சொல்லி மனுவுக்கு அனுமதித்தார்.

அவரைக் கூப்பிடப் போனேன். "மனு வந்திருக்கு" என்றேன். அவர் அசையவில்லை. "யாரு?" என்றார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளே வந்துட்டாளா? அவ வாயாலயே சொல்ல வந்துட்டாளா?"

"சாவி கேட்டு வந்திருக்காங்க."

"சாவியா?"

சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். மனு பார்க்கும் இடத்தில் கம்பிக் கதவு தரை வரைக்கும் இருக்கும். அவர் தலையைத் தூக்கவே இல்லை. குனிந்தபடியே நின்றவரின் கண் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த கால்களில் நின்றது. சேறு காய்ந்த கால்கள். விரல்களில் மெட்டி இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். கழுத்துக்கு வந்தார். நெற்றிக்கு வந்தார். வியர்வையில் கொஞ்சம் வழிந்திருந்தாலும் குங்குமம் இருந்தது.

"என்ன பாக்குறீங்க?" என்றார் அந்தப் பெண். "செத்துட்டாருன்னு நெனச்சீங்களா? நீங்க அடிச்ச அடிக்குச் சாவ வேண்டிய ஆளுதான். மண்டையக் கிழிச்சுத் தச்சிருக்காங்க. கண்ண முழிச்சதும் எம்பேரச் சொல்லல, புள்ளைங்க பேரச் சொல்லல. 'நாத்துக்குத் தண்ணி வச்சியா'ங்கிறாரு. வச்சேன்னு பொய் சொல்லிட்டு வந்துருக்கேன். சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு ஜெயிலுக்கு வந்து உக்காந்துருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசனா?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துக்கலாமா கூடாதா? வாயத் தொறந்து சொல்லுங்க. இவங்க காதுல விழணும்."

"எடுத்துக்க" என்றார். "எடுத்துக்க தாயி. மொதல்ல ஒங்க நாத்துக்கு வுடு."

"பின்ன, ஒங்க நாத்துக்கா வுடப் போறேன்?"

"கரண்டு ஏத்த எறக்கமா இருந்தா போடாத. மோட்டாரு காயிலு போயிடும்."

"எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்லித் தர வேணாம்."

சாவியை ஏட்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதே சாவிதானா என்று. முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மனு எப்போது என்றும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. சமையல்கட்டில் ஆறிப்போன சோறும் அடியில் கொஞ்சம் சாம்பாரும் இருந்தன. விவசாயி தானே தட்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். நான் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி, வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றேன்.

முதல் கவளத்தைப் பிசைந்து எடுத்தவர் மறுபடி நிறுத்தினார்.

"சார்."

"சொல்லுங்க."

"சாவிக்காகப் பொட்டு வச்சிக்கிட்டு வந்துருப்பாளோ? செத்துட்டான்னு தெரிஞ்சா நான் சாவிய தர மாட்டேன்னு நெனச்சு?"

மெட்டியைப் பார்த்தபோது எனக்குள்ளும் அந்த எண்ணம் ஒரு நொடி ஓடி மறைந்திருந்தது. அவர் கவளத்தைக் கையில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றார் கடைசியில். "செத்திருந்தா அழுதிருப்பா. இவ திட்டுனா. அந்தத் திட்டு, அவன் இருந்தாத்தான் வரும்."

சாப்பிட ஆரம்பித்தார். வேகமாகச் சாப்பிட்டார். பாதியில் விக்கல் வந்தது. நான் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன். அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்துவிட்டு, சாம்பார் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.